உடம்புக்குள் ஒரு பழைய கணக்கு

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறோம்.)



சென்ற கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய கூட்டத்தில் முழங்கால் வலி. இந்த முறை என்னைப் பேசச் சொன்ன நம் செயலாளர், "டெபாசிட் வட்டிக்கு வரிப் பிடித்தம் பற்றிப் பேசுங்கள் சார், எல்லாரும் எழுந்து போகாமல் கேட்பார்கள்" என்றார். நான் வைரஸ் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். போனில் சற்று நேரம் சத்தமே இல்லை. கொரோனா முடிந்து இவ்வளவு நாளாகிவிட்டதே, இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் 34 வருடம் கிளார்க். உயிரியல் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தோடு மூடியவன். அதனால் இங்கே இருக்கிற டாக்டர்கள் இரண்டு பேரும் நான் தப்பாகச் சொன்னால் தயங்காமல் கையைத் தூக்குங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் சில வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உடனடிக் காரணம் நம் வாட்ஸ்அப் குழு. இரண்டு மாதம் முன்னால் ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கும். 'மனித உடலில் ஒளிந்திருக்கும் ஆதிகால வைரஸ்! தீராத நரம்பு நோய்களுக்கு இதுவே காரணம்!' என்று ஆச்சரியக்குறிகளோடு. கீழே ஒருவர், "இது ஒட்டுமா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "கபசுரக் குடிநீர் குடித்தால் போகுமா?" என்றார். அதற்குள் விசிட்டர் பார்க்கிங் தகராறு வந்து எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் அந்த 'ஒட்டுமா' என்ற ஒரு வார்த்தை அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். என் தங்கையின் வீட்டுக்காரர். நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல உழைப்பாளி, சைக்கிளில் ஊரையே சுற்றி வருவார். 2016 தீபாவளி சமயத்தில் நடக்கும்போது இடது கால் செருப்பு தானாகக் கழன்று விழுகிறது என்றார். பழைய செருப்பு என்று புதுசு வாங்கிக் கொடுத்தோம். அதுவும் கழன்றது. பிறகு சட்டைப் பொத்தான் போடக் கை வரவில்லை. எலும்பு டாக்டர், கழுத்து எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எட்டு மாதம் அலைந்த பிறகு நரம்பியல் மருத்துவர் ஒருவர்தான் நோயின் பெயரைச் சொன்னார். ஏ.எல்.எஸ். மோட்டார் நியூரான் நோய் என்றும் சொல்வார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் என்ற விஞ்ஞானிக்கு வந்தது இதுதான். அவருக்கு 21 வயதில் வந்தது. 76 வயது வரை இருந்தார். அது மிக அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி தொடங்கி மூன்றிலிருந்து ஐந்து வருடம். தசைக்கு உத்தரவு கொடுக்கிற நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப் போகின்றன. கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. பெரும்பாலும் புத்தி தெளிவாகவே இருக்கும், அதுதான் கொடுமை.

இந்த வகை நோய்களில் ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயரே உண்டு. 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று. இளம் வயதில் வந்து, காது மந்தமாகி, ஆனால் மெதுவாகப் போகிற ஒரு வகை. 1970-ல் மெட்ராஸ் டாக்டர்கள் பிரித்துக் காட்டினார்கள். மாப்பிள்ளைக்கு அதுவாக இருக்கக் கூடாதா என்று கூட நாங்கள் ஆசைப்பட்டோம். இல்லை.

அவருக்கு உதவிக்கு ஒரு பெண்மணியை வைத்திருந்தோம். பொறுமையானவர். ஒரு நாள் காலையில் வரவில்லை. அந்தத் தெருவில் யாரோ, "அது வைரஸ் வியாதி, உனக்கும் ஒட்டிக்கும், உனக்குச் சின்னக் குழந்தை இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஏதோ ஒரு செய்தியை அரைகுறையாகப் படித்திருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று வாரம் என் தங்கை தனியாக அவரைத் தூக்கி இறக்கி, அவள் முதுகு போய்விட்டது.

அதனால் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். ஒட்டாது. ஏ.எல்.எஸ். தொற்று நோய் இல்லை. அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட 'ஆதி வைரஸ்' என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் அது இந்த ஹாலில் இருக்கிற எல்லாருடைய உடம்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. காபி கொண்டு வந்த தம்பி உள்பட.

எப்படி என்றால், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். டி.என்.ஏ. என்பது நம் உடம்பின் லெட்ஜர். ஒவ்வொரு செல்லிலும் அதன் பிரதி ஒன்று இருக்கிறது. மொத்தம் 300 கோடி எழுத்து. செல்லுக்கு ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் லெட்ஜரிலிருந்து தேவையான பக்கத்தை மட்டும் ஸ்டேட்மென்ட் மாதிரி எடுக்கும். அந்த ஸ்டேட்மென்ட்தான் ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துப் புரதம் தயாராகும். லெட்ஜரிலிருந்து ஸ்டேட்மென்ட் வரும். ஸ்டேட்மென்டிலிருந்து லெட்ஜருக்குப் போகாது. எங்கள் பிராஞ்சிலும் அப்படித்தான். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து ஒரு காகிதம் கொண்டு வந்து, இதை உங்கள் லெட்ஜரில் ஒட்டுங்கள் என்றால் ஒட்டுவோமா?

ரெட்ரோ வைரஸ் என்ற ஒரு கூட்டம் அதைத்தான் செய்கிறது. அது ஆர்.என்.ஏ. காகிதத்தோடு வரும். கூடவே ஒரு என்சைம் கொண்டு வரும். அந்த என்சைம் காகிதத்தில் இருப்பதை டி.என்.ஏ. எழுத்தாக மாற்றும்; பிறகு வைரஸ் அதை நம் லெட்ஜரின் நடுவிலேயே ஒட்டிவிடும். 1970-ல் ஹோவர்ட் டெமின், டேவிட் பால்டிமோர் என்ற இரண்டு பேர் தனித்தனியாக இந்த என்சைமைக் கண்டுபிடித்தபோது உயிரியல்காரர்களே அதிர்ந்து போனார்கள். 1975-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எச்.ஐ.வி. இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

சாதாரணமாக இந்த வைரஸ் ரத்த அணுவிலோ வேறு அணுவிலோ ஒட்டும். ஆள் போனால் அதுவும் போகும். ஆனால் எப்போதாவது, அபூர்வமாக, விந்தணு அல்லது கருமுட்டை உருவாகிற இடத்தில் ஒட்டிக்கொண்டால்? பிறக்கிற குழந்தையின் எல்லாச் செல்லிலும் அந்தப் பதிவு இருக்கும். அந்தக் குழந்தையின் குழந்தைக்கும் போகும். நாங்கள் 'கேரி ஃபார்வர்டு' என்று சொல்வோமே, அது. இந்த வருடப் பக்கத்தின் அடியில் உள்ள தொகை அடுத்த வருடப் பக்கத்தின் தலையில். இப்படிக் கோடிக்கணக்கான வருடங்களாக, மனிதன் மனிதனாவதற்கு முன்னாலிருந்தே, நம் முன்னோர்களுக்குள் ஒட்டிய பதிவுகள் இன்றைக்கும் நம்மிடம் இருக்கின்றன.

எவ்வளவு தெரியுமா? 2001-ல் மனித லெட்ஜரின் முதல் வரைவு வெளியானபோது எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 8 சதவீதம். புரதம் தயாரிக்கிற உருப்படியான பக்கங்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. நம்முடைய சொந்தக் கணக்கைவிட வந்து ஒட்டிக்கொண்டவன் கணக்கு நாலு மடங்கு! ஆடிட்டர் பார்த்தால் மயங்கி விழுவார்.

இது பழைய கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் கோலா என்று கரடி மாதிரி ஒரு பிராணி, படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒரு ரெட்ரோ வைரஸ் இப்போது, நம் கண் முன்னால், பரம்பரைப் பதிவாக மாறிக்கொண்டிருக்கிறது. வடக்கே குவீன்ஸ்லாந்தில் இருக்கிற கோலாக்களில் அநேகமாக எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. தெற்கே போகப் போகக் குறைவு. நமக்கு என்றைக்கோ நடந்ததை அங்கே நேரில் பார்க்கலாம்.

சரி, 8 சதவீதம் இருக்கிறதே, நாம் எப்படி நடமாடுகிறோம்? அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை காலப்போக்கில் சிதைந்து போனவை. எழுத்து அழிந்து, பாதி கிழிந்து, வைரஸ் ஆக முடியாதவை. மிச்சமிருப்பதைச் செல் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் ஸ்டேட்மென்ட் எடுக்க முடியாதபடி வேதி முத்திரை வைத்திருக்கிறது.

இங்கே என் பழைய வேலை ஞாபகம் வருகிறது. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று தனியே வைப்போம். பார்த்தால் தூங்குகிற கணக்கு. ஆனால் பிராஞ்சிலேயே ஆபத்தான கணக்கு அதுதான். சொந்தக்காரர் கவனிக்க மாட்டார் என்று எவனாவது கை வைத்தால் அதில்தான் வைப்பான். அதனால் அதில் ஒரு ரூபாய் நகர வேண்டுமென்றாலும் இன்னொரு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்து தளர்ந்தால் கதை முடிந்தது. நம் செல்லிலும் வயதாக ஆக, அல்லது வேறு நோய்த் தொற்று வரும்போது, அல்லது செல்லே தள்ளாடும்போது, அந்த முத்திரை தளரலாம். தூங்குகிற கணக்கிலிருந்து ஸ்டேட்மென்ட் வர ஆரம்பிக்கும். விஞ்ஞானிகளின் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏ.எல்.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி. இருந்த சிலருக்கு ஏ.எல்.எஸ். மாதிரியே கை கால் விழுந்தது. எச்.ஐ.வி.க்கான மருந்தை ஆரம்பித்ததும் அவர்களில் சிலருக்குக் கை கால் தேறியது. உண்மையான ஏ.எல்.எஸ்.ஸில் அப்படித் தேறுவதில்லை. 2001-லேயே இது மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. வேறு சில ஆய்வுகளில், எச்.ஐ.வி. இல்லாத ஏ.எல்.எஸ். நோயாளிகளின் ரத்தத்திலும் அந்த ரெட்ரோ வைரஸ் என்சைமின் நடமாட்டம் தெரிந்தது. வெளியிலிருந்து வைரஸ் வந்ததாகத் தடயம் இல்லை. அப்படியானால் உள்ளிருந்தா?

அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் அவிந்திர நாத் என்ற நரம்பியல் மருத்துவர் இருக்கிறார். நம் நாட்டில், லூதியானாவில் மருத்துவம் படித்தவர். அவருடைய குழு 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏ.எல்.எஸ்.ஸில் இறந்தவர்களின் மூளையில் 'கே' என்ற குடும்பத்தைச் சேர்ந்த பழைய வைரஸ் பதிவு விழித்திருந்ததைப் பார்த்தார்கள். பிறகு அந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை எலியின் நரம்பணுக்களில் உற்பத்தியாக வைத்தார்கள். அந்த எலிகளுக்கு இயக்க நரம்புகள் தேய்ந்து, நடை தடுமாற ஆரம்பித்தது. நான் இதைப் படித்தது மாப்பிள்ளை சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு. ராத்திரி இரண்டு மணி வரை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். கள்வன் அகப்பட்டுவிட்டான் என்று கை நடுங்கியது.

அது அவ்வளவு சுலபம் இல்லை. 2019-ல் லண்டன் ஆய்வாளர்கள் ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மூளைத் திசுவை அதே நோக்கத்தோடு அளந்தார்கள். சாதாரண ஆட்களின் மூளையைவிட 'கே' குடும்பத்தின் நடமாட்டம் அதிகம் இல்லை என்று எழுதினார்கள். ஒருவர் டாலி ஆகிறது என்கிறார், இன்னொருவர் ஆகவில்லை என்கிறார். இந்தப் பதிவுகள் நூற்றுக்கணக்கான இடங்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுத்தோடு இருப்பதால், எது விழித்தது என்று பிரித்து எண்ணுவதே பெரிய வேலை. ஒரே பெயரில் நூறு முருகேசன் கணக்கு இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏ.எல்.எஸ்.ஸில் பெரும்பாலான நோயாளிகளின் நரம்பணுக்களில் டி.டி.பி.-43 என்ற புரதம் இடம் மாறிக் கட்டி தட்டிப் போகிறது. அந்தப் புரதத்துக்குப் பல வேலைகள்; பழைய பதிவுகளை அடக்கி வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்று ஈக்களில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால், நோய் முதலில் வந்து, காவலாளி விழுந்து, அதனால் பழைய வைரஸ் விழித்ததா? அல்லது வைரஸ் விழித்ததால் நோய் வந்ததா? வீடு எரியும்போது புகையும் இருக்கும். புகைதான் தீ வைத்தது என்று சொல்ல முடியுமா? அல்லது இரண்டும் ஒன்றை ஒன்று ஊதிப் பெரிதாக்குகின்றனவா? இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

வங்கியில் கணக்கு டாலி ஆகாமல் ஒரு தொகை நின்றால், காரணம் தெரியும்வரை சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோம். யார் தலையிலும் கட்ட மாட்டோம். இந்த 8 சதவீதத்தை நான் இப்போது அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தப் புத்தி எனக்கு இல்லை.

2018-ல், மாப்பிள்ளைக்குப் பேச்சு குழற ஆரம்பித்த சமயம், ஓர் இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். சுவரில் டி.என்.ஏ. படமெல்லாம் மாட்டியிருந்தது. மரபணுவில் இருக்கிற வைரஸைக் கழுவி வெளியேற்றுவோம் என்றார்கள். பன்னிரண்டு பாட்டில், 46,000 ரூபாய். என் தங்கையிடம் சொல்லவில்லை, என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து கணக்கைத் தேடிய ஆள் நான். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. லெட்ஜரோடு பைண்டு செய்யப்பட்ட பக்கத்தை எந்தக் கஷாயம் கழுவும்? ஒவ்வொரு செல்லிலும் இருக்கிற எழுத்தை எப்படி வெளியேற்றுவது? நாலாவது பாட்டிலில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தோம். மிச்ச எட்டு பாட்டிலை நானே சிங்க்கில் கொட்டினேன்.

அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி. சுமார் 40 ஏ.எல்.எஸ். நோயாளிகளைச் சேர்த்து, எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற மூன்று மருந்து சேர்ந்த ஒரு மாத்திரையை 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், பாதுகாப்பாக இருக்கிறது என்று. மாத்திரை நம் நாட்டில் கிடைக்கிற சரக்குதான். நான் நேராக நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, "சார், நீங்கள் கணக்குக்காரர். 40 பேருக்கும் மருந்து கொடுத்தார்கள். மருந்து கொடுக்காத ஆள் ஒருவரும் இல்லை. எதோடு ஒப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். அது பலன் பார்க்கிற சோதனையே இல்லை, பத்திரம் பார்க்கிற சோதனை. மேலும் அந்த மூன்றில் ஒரு மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை கொடுக்கும், உயிரே போகலாம், முன்னாலேயே ரத்தத்தில் ஒரு மரபணுச் சோதனை செய்யாமல் தொடக் கூடாது என்றார். இன்றுவரை ஏ.எல்.எஸ்.ஸுக்கு மருந்தாக அந்த மாத்திரைக்கு அங்கீகாரம் கிடையாது. அதனால் யாராவது 'எச்.ஐ.வி. மாத்திரையில் நரம்பு நோய் குணம்' என்று அனுப்பினால் தயவுசெய்து இன்னொருவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயிலும் இதே கதை, வேறு குடும்பம். நரம்பு இழையைச் சுற்றி, மின் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை மாதிரி மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. நம் நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அரித்துவிடும் நோய் இது. 1989-ல் பிரான்ஸில் ஹெர்வே பெரோன் என்பவரும் கூட இருந்தவர்களும், ஒரு நோயாளியின் மூளைச் சவ்வு அணுக்களில் ரெட்ரோ வைரஸ் தடயம் கண்டதாக எழுதினார்கள். அது 'டபிள்யூ' குடும்பத்துப் பழைய பதிவு என்று பிறகு தெரிந்தது. அதன் மேலுறைப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போட டெமெலிமாப் என்று மருந்தே செய்து 270 நோயாளிகளிடம் சோதித்தார்கள். எதை எதிர்பார்த்தார்களோ, ஸ்கேனில் புதுப் புண்கள் குறைவது, அது நடக்கவில்லை. மூளைத் திசு தேய்வது கொஞ்சம் மட்டுப்பட்டதற்கான அறிகுறி மட்டும் தெரிந்தது.

அதே நோயில் 2022-ல் ஒரு பெரிய விஷயம் வந்தது. அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை, இருபது வருடம் சேமித்த ரத்தத்தோடு ஹார்வர்டுக்காரர்கள் அலசினார்கள். எப்ஸ்டீன்-பார் என்ற சாதாரண வைரஸ் தொற்றியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு ஏறுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு இந்த வைரஸ் எப்போதாவது வந்திருக்கும், அநேகமாக நமக்கும்தான். ஆனால் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. இந்தப் புது வைரஸ், தூங்குகிற பழைய 'டபிள்யூ'வை எழுப்பும் என்று ஆய்வுக்கூடத்தில் செல்களில் பார்த்திருக்கிறார்கள். வெளித் திருடன் உள்ளே தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது போல. மனித உடம்பில் நடப்பது அதுதானா என்பதற்கு இன்னும் தேட வேண்டும்.

மனநோய்களிலும் தேடுகிறார்கள். 2024-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் சுமார் 800 மூளை மாதிரிகளின் விவரங்களை வைத்து, சில பழைய பதிவுகளின் நடமாட்டத்துக்கும் ஸ்கிசோஃப்ரினியா, மனச்சோர்வு வரும் வாய்ப்புக்கும் தொடர்பு காட்டினார்கள். தொடர்பு என்றுதான் சொன்னார்கள், காரணம் என்று சொல்லவில்லை. செய்தி போடுகிறவர்கள்தான் காரணம் ஆக்கிவிடுகிறார்கள்.

இவ்வளவு கேட்டதும், இந்த 8 சதவீதத்தைக் கத்தரித்து எறிந்துவிட முடியாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எறிந்தால் நாம் யாரும் பிறந்திருக்கவே மாட்டோம். நஞ்சுக்கொடியில் தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற ஒரு படலம் இருக்கிறது. பல செல்கள் ஒன்றோடு ஒன்று கரைந்து ஒரே பாய் மாதிரி ஆனது. அப்படிக் கரைய வைக்கிற புரதம் சின்சிடின். 2000-ல் அதன் பூர்வீகத்தைப் பார்த்தால், பழைய வைரஸின் மேலுறைப் புரதம்! வைரஸ் செல்லுக்குள் நுழைய வைத்திருந்த கருவியைத் தாயின் கர்ப்பம் தனக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. எந்தக் குடும்பம் தெரியுமா? சற்று முன்னால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினோமே, அதே 'டபிள்யூ'.

ஞாபகசக்திக்கும் இப்படி ஒரு கடன் உண்டு. ஆர்க் என்று ஒரு மரபணு. அது இல்லாத எலிக்குப் புதுசாகக் கற்றது மறுநாள் நிற்காது. 2018-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் பார்த்தன: ஆர்க் புரதம் வைரஸ் கூடு மாதிரியே கூடு கட்டி, அதற்குள் ஆர்.என்.ஏ.வை வைத்து, ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புகிறது. அதன் பூர்வீகம் ரெட்ரோ வைரஸின் பங்காளி என்று சொல்லத்தக்க ஒரு பழைய துண்டு. நான் இன்றைக்குப் பேச வந்ததை மறக்காமல் பேசுகிறேன் என்றால் அதற்கும் அது காரணமாக இருக்கலாம். மறந்தால் வயசுதான் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது கேம்பிரிட்ஜில் 2024-ல் வந்தது. மயலின் உறை தயாராக ஒரு பழைய வைரஸ் பதிவு வேண்டியிருக்கிறது. எலி, தவளை, வரிக்குதிரை மீன் மூன்றிலும் பார்த்தார்கள். அந்தப் பதிவைக் கெடுத்தால் உறை ஒழுங்காக வளரவில்லை. ஒரு பழைய வைரஸ் மயலினை அழிப்பதற்குத் துணை போகிறதோ என்று சந்தேகப்படுகிறோம். ஆனால் முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு மயலின் கிடைத்ததற்கே இன்னொரு பழைய வைரஸ் கைகொடுத்திருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. மாப்பிள்ளை 2019 டிசம்பரில் போய்விட்டார். அடுத்த வருடம் அவர் பெண்ணுக்கு வரன் பார்த்தோம். ஒரு இடம் நிச்சயம் வரை வந்தது. அவர்கள் வீட்டில் யாரோ படித்திருக்கிறார்கள், அப்பாவுடைய டி.என்.ஏ.வில் வைரஸ் இருந்ததாம், பெண்ணுக்கும் இருக்குமாம் என்று. போனில் மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஜாதகம் மறுபடி பார்த்ததில் பொருத்தம் சரியில்லை என்று. தரகர்தான் உண்மையைச் சொன்னார்.

அவர்கள் படித்ததில் ஒரு வார்த்தை தப்பில்லை. அப்பாவின் டி.என்.ஏ.வில் வைரஸ் இருந்தது, பெண்ணுக்கும் இருக்கிறது. ஆனால் அந்த மாப்பிள்ளைப் பையனுக்கும் இருக்கிறது, அவன் அம்மாவுக்கும் இருக்கிறது, ஜாதகம் பார்த்தவருக்கும் இருக்கிறது. அதே 8 சதவீதம். ஏ.எல்.எஸ். குடும்பத்தில் வருவது என்பது வேறு சமாச்சாரம். பத்து நோயாளிகளில் ஒருவருக்குத்தான் அது குடும்ப வழியாக வருகிறது, எஸ்.ஓ.டி.1, சி9 போன்ற குறிப்பிட்ட மரபணுக் கோளாறுகளால். அதற்குச் சோதனை இருக்கிறது. எஸ்.ஓ.டி.1 வகைக்கு மட்டும் 2023-ல் அமெரிக்காவில் டோஃபர்சன் என்ற மருந்துக்கு அனுமதியும் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தில் இரண்டாவது ஆளுக்கு வந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். மாப்பிள்ளையின் வம்சத்தில் மேலே கீழே யாருக்கும் இல்லை. சோதனையிலும் ஒன்றும் அகப்படவில்லை.

இதையெல்லாம் அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். கௌரவம் பார்த்துப் போகாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இன்றைக்கு உங்களைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(உரைக்குப் பிறகு நடந்த கலந்துரையாடலிலிருந்து)

ஏ பிளாக் அம்மா ஒருவர்: எனக்குப் பேனா பிடிக்கும்போது கை நடுங்குகிறது. இது அதுவாக இருக்குமா?

பதில்: நடுக்கத்துக்குப் பத்துக் காரணம் இருக்கும் அம்மா, தைராய்டு முதல். நான் சொல்லக் கூடாது, டாக்டர் சொல்ல வேண்டும். நடுக்கம் இல்லாமல் பலம் குறைந்துகொண்டே போவது, செருப்பு கழன்று விழுவது, ஒரு கை மட்டும் மெலிவது, பேச்சு குழறுவது, இதெல்லாம் இருந்தால் எலும்பு டாக்டரோடு நிற்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நாங்கள் எட்டு மாதம் வீணாக்கினோம்.

சி பிளாக் நண்பர்: சார், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா?

பதில்: ஆயிற்று. பையன் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்க வந்த அன்று நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன், இன்றைக்குப் பேசியதைவிட நீளமாக. அரை மணி நேரம் ஆனதும் என் தங்கை உள்ளேயிருந்து, "அண்ணா, காபி ஆறிப்போச்சு" என்றாள்.